கடைசி வாங்குக்குக் கேட்காத குரல்

இன்று காலை ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் அதிமதுரத்தின் வாசனை வந்தது. கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருக்கும் கல்லூரிப் பிள்ளை ஒருத்தி ஜன்னலோரம் நின்று, அந்த நார்க்குச்சியைக் கடைவாயில் வைத்து மென்றுகொண்டிருந்தாள். தொண்டைக்கா என்று கேட்டேன். "ஆமாங்க மிஸ். சத்தம் பத்தலன்னு சேர் சொல்லிட்டாரு. அடுத்த கெழம திரும்பவும் பாக்க வர்றாரு" என்றாள். அதைக் கேட்பதற்கே நான் மேசையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் போகவேண்டியிருந்தது. "அதத் துப்பிட்டு வாம்மா, தேத்தண்ணி குடிப்போம்" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. 

உன் கட்டிலின் தலைமாட்டில், பால்மா டின் ஒன்றில், இந்தக் குச்சிகள்தானே கிடந்தன. கல்லூரியின் கடைசி வருடம் முழுவதும் நம் அறையே இந்த வாசனையாக இருந்தது.

நீ போன பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இருந்தபோதும் எழுதியவள் இல்லை. எனக்கு வாய் மட்டும்தான் உண்டு, கை கிடையாது என்று நீயே கேலி செய்வாய். இன்று பிள்ளைகள் எல்லோரும் போன பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லாமல், வகுப்பறையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். காவலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

நாம் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். திம்புள்ளப் பக்கத்திலிருந்து நான், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து நீ. இருவரும் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீட்டில், பிறந்தவர்கள். இரண்டு வீட்டிலும் கொழுந்து பறித்த சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் நம்மைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தால் விடுதியின் மறுகோடியில் படுத்திருப்பவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். நீ பேசினால் பக்கத்தில் இருப்பவளே "என்னா, என்னா" என்று காதைக் கொண்டுவர வேண்டும். ரேடியோவும் அலுமாரியும் என்று நமக்குப் பட்டம் வைத்தார்கள். நான்தான் ரேடியோ என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த விரிவுரை மண்டபம் ஞாபகம் இருக்கிறதா? மேலே தகரம். பகல் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால் மழை வந்துவிடும். மழை தொடங்கிவிட்டால் அந்த மண்டபத்தில் யாருக்குச் சத்தம் உண்டோ அவர் சொன்னதுதான் பதில். மெதுவாகச் சொன்ன சரியான பதிலைவிட உரக்கச் சொன்ன பிழையான பதிலுக்கு அங்கே மரியாதை அதிகம். நானும் அப்படிப் பதில் சொல்லிச் சொல்லியே கெட்டிக்காரி என்று பேர் வாங்கினேன். அதில் பாதி நீ என் காதில் சொன்னவை. நீ அதற்காக ஒருநாளும் கோபித்ததில்லை. எனக்குத்தான் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

உளவியல் படிப்பித்த சேர் வடக்கிலிருந்து வந்தவர். நல்ல மனிதர், பாடத்தில் பைத்தியம். ஒருநாள் மனிதர்களின் ஆளுமை வகைகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஒதுங்கி இருக்கும் அகமுகிகள் எல்லோரும் இடப்பக்கம், கலகலப்பான புறமுகிகள் எல்லோரும் வலப்பக்கம் போய் நில்லுங்கள் என்றார். நான் யாரும் சொல்லாமலே வலப்பக்கம் ஓடி முன்னால் நின்றேன். நீ மட்டும் எந்தப் பக்கமும் போகாமல் வாசலில் நின்றாய்.

"பிள்ளை, நீர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் சேர்.

நீ ஏதோ சொன்னாய்.

"கேக்கேல்லை. பெலத்துச் சொல்லும்."

திரும்பவும் சொன்னாய். உதடு அசைந்தது தெரிந்தது, அவ்வளவுதான். "சரி சரி, விளங்கீட்டுது" என்று அவர் இடப்பக்கத்தைக் காட்டினார். வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். விடுதிக்கு வந்த பிறகு என்னதான் சொன்னாய் என்று கேட்டேன். "காத்துக்குக் கதவு அடிக்குது சேர், அதப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்னு சொன்னேன்டி" என்றாய். வயிறு வலிக்கும்வரை சிரித்தோம். ஆனால் அன்றிலிருந்து எல்லாருக்கும் நீ அகமுகி ஆகிவிட்டாய்.

விடுதிக்குள் கதை வேறு. வீட்டு நினைவில் அழும் முதலாம் வருடப் பிள்ளைகள் யாரும் என்னிடம் வரமாட்டார்கள். நான் ஆறுதல் சொன்னால் அது ஊருக்கே கேட்கும் என்று பயம். எல்லோரும் உன் கட்டிலுக்குத்தான் வருவார்கள். நீ அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பேன் பார்ப்பதுபோலத் தலையைக் கோதிக்கொண்டு, ஏதோ சொல்வாய். என்ன சொல்கிறாய் என்று எவ்வளவு காதைத் தீட்டினாலும் எனக்குக் கேட்காது. அந்தப் பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவாள். கல்லூரியில் மேடைப்பேச்சுக்குப் புள்ளி இருந்தது, காலைக் கூட்டத்தை நடத்தினால் புள்ளி இருந்தது, இதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு கற்பித்தல் பயிற்சி வந்தது. நம் இருவரையும் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். ஒரே நீள மண்டபம், நடுவில் சுவரே இல்லாமல் வகுப்புக்குப் பின் வகுப்பு. நான் ஒரு மூலையில் கணக்குப் பாடத்தைக் கத்திக்கொண்டிருந்தேன். நீ அடுத்த வகுப்பில் இலையைப் பற்றிப் படிப்பித்தாய். உன்னைப் பார்த்துப் புள்ளியிட உளவியல் சேர்தான் வந்து கடைசி வாங்கில், அந்த நீளப் பலகையில், உட்கார்ந்தார். நீ தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து முன்னுக்கு வந்தார்கள். சிலர் தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு சின்னவள் உன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளிலும் இரண்டு பேர் நழுவி அங்கே போய்விட்டார்கள். வாங்குகள் எல்லாம் காலி. கடைசியில் சேர் மட்டும் தனியாக இருந்தார்.

பாடம் முடிந்ததும் அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்: "கடைசி வாங்குக்கு ஒண்டும் கேக்கேல்லை, பிள்ளை. வகுப்பும் கட்டுப்பாட்டிலை இல்லை. உப்பிடியெண்டால் நான் சித்தி போடேலாது."

கடைசி வாங்கில் அவரைத் தவிர யாரும் இல்லையே என்று நம் இருவரில் ஒருவருக்கும் அப்போது சொல்லத் தோன்றவில்லை. அப்படியெல்லாம் விரிவுரையாளரிடம் பேசி வளர்ந்தவர்கள் இல்லை நாம்.

உனக்கு அந்தச் சித்தி, அந்தத் தேர்ச்சி, எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். அப்பா இல்லை. அம்மா மூட்டுவலியோடு மலை ஏறிக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். நியமனம் கிடைத்த அன்றே அம்மாவின் கூடையைக் கழற்றிவிட வேண்டும், அது ஒன்றுதான் நீ கல்லூரிக்கு வந்த காரணம். இரண்டாம் தடவையும் தவறினால் எல்லாம் தள்ளிப்போகும்.

சேர் உன்னைக் கைவிடவில்லை. நம் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "எங்கட பக்கம் ஷெல் விழேக்கையும் நான் படிப்பிச்சனான். வெளியிலை சத்தம் கேட்டால் பிள்ளையள் எழும்பி ஓடிடுவினம். அதுக்கு மேலாலை என்ரை குரல் கேட்டால்தான் இருப்பினம். ரீச்சரின்ரை குரல் பிள்ளையளுக்கு ஒரு கூரை மாதிரி." அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. உனக்கும் எனக்கும் கலங்கியது. அதற்குப் பிறகு உன் குரலைப் பெரிதாக்குவது நம் அறையின் கடமையாகிவிட்டது.

விளையாட்டு மைதானத்தின் விளிம்பில் நீ. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்மலையின் ரோட்டில் நான். நீ பாடத்தைச் சொல்ல வேண்டும், எனக்குக் கேட்டால் கையைத் தூக்குவேன். முதல் நாட்களில் என் கை தொங்கியே கிடந்தது. என் பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள்.

"என்னா சொல்லுது அந்தப் புள்ள?" என்று ஒருத்தர் கேட்டார்.

"எல தன் சாப்பாட்டத் தானே ஆக்கிக்கிதாம்க்கா" என்றேன். பாடம் எனக்கு மனப்பாடம்.

"அதுவாச்சும் ஆக்கிக்கிதே! எங்க வீட்டுல நான் போயித்தான் ஆக்கணும்."

பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "புள்ள, இன்னும் சத்தமா! எலைக்குத் தண்ணி எங்கேருந்து வருது, அதச் சொல்லு!" என்று பள்ளத்தைத் தாண்டிக் கத்துவார்கள். ஒருநாள் கங்காணி மூச்சிரைக்க வந்தார். "ஏம்மா, ஒங்க படிப்பு நல்லாத்தான் இருக்கு. இங்க கொழுந்து அப்படியே நிக்கிது. ஞாயித்துக்கெழம வந்து கத்துங்களேன்" என்று பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் கேட்கக் கத்தினார். நீ அங்கிருந்தே, "மன்னிச்சிக்கிருங்க கங்காணி ஐயா!" என்று கத்தினாய். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தேன்.

இரண்டாம் தடவை நீ சித்தியடைந்தாய். மண்டபம் அதிர்ந்தது. பிள்ளைகள் கை கட்டி நேராக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் இடத்தைவிட்டு எழுந்து உன்னிடம் வரவில்லை. அன்று அதுவும் நமக்கு வெற்றியாகத்தான் பட்டது. சேர் பெருமையோடு எல்லோருக்கும் பணிஸ் வாங்கிக் கொடுத்தார்.

நியமனத்துக்குக் காத்திருந்த நாட்களில்தான் முதல் தடவையாக உன் வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "குழம்புக்கு உப்பு கொஞ்சம் கொறச்சலோம்மா?" என்றேன். பதில் சுவரிலிருந்து வந்தது. "அந்தக்கா எப்பவும் அப்படித்தாம்மா போடும். இரு, நான் கொண்டாரேன்!" பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் உள்ளங்கையில் உப்போடு வாசலில் வந்து நின்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகவே இல்லை. அந்த இடைவெளியில் புகை போய் வந்தது, பேச்சும் போய் வந்தது.

அவர் போன பிறகு அம்மா என் காதருகே குனிந்து சொன்னார்: "செவுத்துக்கு அந்தப் பக்கமும் நம்ம சனந்தாம்மா. விடியப் பெரட்டுக்குப் போயி வேல செஞ்சிட்டு வந்து அலுத்துப் படுத்திருக்கும். நம்ம பேச்சு அவங்கள எழுப்பக் கூடாது." அது உன் குரல். அதே அளவு, அதே வேகம்.

என் வீடு தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பக்கத்து லயம். யந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார்கள். எல்லாவற்றையும் வீட்டின் தலையில் போட்டுவிடவும் முடியாது. என் தங்கை அதே ஸ்டோர் பக்கத்தில் வளர்ந்தும் அதிகம் பேசாதவள். பிறவியிலும் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நீ மெதுவாகப் பேசியது பயத்தினால் இல்லை. அலுத்துப் படுத்திருப்பவர்களுக்கு நீ கொடுத்த மரியாதை அது. கல்லூரியில் நம்மை இடமும் வலமுமாகப் பிரித்தவர்கள் யாரும் எந்த வீட்டிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பஸ்ஸுக்கு இறங்கி நடக்கும்போது இதை உன்னிடம் சொன்னேன். "முந்தியே இங்க வந்து பாத்திருந்தா சேருகிட்ட இதச் சொல்லியிருப்பியா?" என்று கேட்டாய். கட்டாயம் சொல்லியிருப்பேன் என்றேன். "அந்த மழையில அவருக்குக் கேட்டிருக்காதுடி" என்று சிரித்தாய்.

உனக்கு ஹட்டனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் நியமனம் கிடைத்தது. அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு உன்னோடு வாடகை வீட்டுக்கு வந்தார். நீ நினைத்தது நடந்துவிட்டது என்று நான் இங்கே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். சில வருடங்களில் உன் பேர் என் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துவிட்டது. ஒலிபெருக்கி பழுதானால் உன்னைத்தான் மைதானத்துக்குக் கூப்பிடுவார்களாம். நீ வராந்தாவில் வந்தால் உயர்தர வகுப்புப் பையன்களும் அடங்கிவிடுவார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதே தோன்றவில்லை.

ஹட்டன் ஸ்டேஷனில் நீயாகவே சொன்னாய். கொழும்பில் ஏதோ பயிற்சிப் பட்டறைக்கு இருவரும் போய்க்கொண்டிருந்தோம், ரயில் தாமதம். "வீட்டுலயும் அந்தச் சத்தந்தான் வருதுடி" என்றாய். வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ குரலைக் குறைக்கப் பார்த்தாய். வெறும் காற்று வந்தது. ஒன்று கத்தல், இல்லாவிட்டால் காற்று, நடுவில் ஒன்றுமே இல்லை.

"நான் 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டாக்கூட அம்மா திட்டுறேன்னு நெனைச்சிக்கிது. 'சாப்புட்டேங்க'ங்குது. என்னப் போயி 'ங்க' போட்டுப் பேசுதுடி, தொரைகிட்டப் பேசுற மாதிரி."

ரயில் வரும்வரை உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அந்த வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. பழகவில்லை என்று சொல்லிப் பழைய காம்பராவுக்கே திரும்பிவிட்டார். ஒவ்வொரு விடுமுறையிலும் போனாய். அவருடைய கடைசி நாளில், காதில் மெதுவாக ஏதாவது சொல்லும்மா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்களாம். உன்னால் முடியவில்லையாம். அவர் கையை மட்டும் தடவிக்கொண்டிருந்தேன் என்று பிறகு எனக்குச் சொன்னாய். அதைச் சொல்லும்போதும் உன் குரல் உரக்கத்தான் வந்தது. பாவி, அழுகைகூட உனக்கு மெதுவாக வரவில்லை.

யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. சேர் தன்னிடம் இருந்ததில் நல்லதைத்தான் உனக்குக் கொடுத்தார். எதிர்மலைப் பெண்கள் உன்னைத் தங்கள் பிள்ளையாக நினைத்துத்தான் கத்தினார்கள். நீயும் உன் அம்மாவுக்காகத்தான் அந்தக் குரலை வாங்கிக்கொண்டாய். அம்மாவுக்காக வாங்கியது அம்மாவையே பயப்படுத்திவிட்டது என்பதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

உன் அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் அந்தக் குரலைப் பற்றியே பேசினார்கள். வெண்கல மணி என்றார் அதிபர். சிங்கம் என்றான் பழைய மாணவன் ஒருவன். எல்லாம் அன்பான பேச்சுத்தான். என்னையும் பேசச் சொன்னார்கள். இந்த வாயாடி எழுந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். அங்கே சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். நடந்தபோது உனக்கு எவ்வளவு நினைவு இருந்தது என்று தெரியாது.

உன் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில், நீ மெலிந்து போயிருந்தாய். தாதி வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். நீ ஏதோ சொன்னாய். "டிகக் ஹய்யென் கியன்ன" என்றாள் அவள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னாள், கோபமில்லாமல்தான். நீ மூச்சை இழுத்தாய். மைதானத்தின் விளிம்பில் நின்று இழுத்த அதே மூச்சு. எனக்குள் என்ன நடந்ததோ தெரியாது, பாய்ந்து எழுந்தேன்.

"இவங்க இப்படித்தான் மிஸ் பேசுவாங்க! நீங்கதான் கிட்ட வரணும்!"

பாதி சிங்களம் பாதி தமிழ், முழுக்க ஸ்டோர் லயத்துக் குரல். வார்டே திரும்பிப் பார்த்தது. தாதி என்னைப் பார்த்தாள், பிறகு வந்து உன் வாயருகே குனிந்தாள். நீ சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுத் தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தாள். அவ்வளவு சின்ன விஷயம். கடைசி வாங்கில் இருந்தவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, இத்தனை வருடம் கழித்து, ஒரு தலையணைக்குத்தான் உதவியது.

அவள் போனதும் நீ விரலால் என்னைக் கூப்பிட்டாய். குனிந்தேன்.

"மெதுவாடி. பக்கத்துக் கட்டிலு அக்கா இப்பதான் கண்ணசந்துச்சு."

கத்தலும் இல்லை, வெறும் காற்றும் இல்லை. விடுதியில் அழுத பிள்ளைகள் கேட்டது, உன் அம்மா கேட்கக் காத்திருந்தது. என் காதில் அது அப்படியே இருக்கிறது. இதுதான் உன் குரல் என்று தெரிந்தவர்கள் என்னைத் தவிர இப்போது யாரும் இல்லை.